மடியில் ஒரு பட்டன் போன்

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்காக ஊருக்குப் போகும் ஆண்களிடம் ஒரு கேள்வி. கோயிலுக்குள் போகும்போது கைபேசியை எங்கே வைப்பீர்கள்? வாசலிலேயே மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டிக்குப் பை கிடையாது. உள்ளே படம் எடுக்கவும் விடமாட்டார்கள். சூரிச்சிலிருந்து முதன்முறை போனபோது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. பெரிய போனை இடுப்பு மடியில் சொருகிக்கொண்டு போனேன். தேரன்று நெரிசலில் அது நழுவி வீதி மணலில் விழுந்தது. கண்ணாடி தப்பியது. ஆனால் சார்ஜர் செருகும் துளைக்குள் மணல் புகுந்து, அன்றிரவு முழுவதும் சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. மறுநாள் அத்தான் ஒரு பட்டன் போனை வாங்கி வந்து கையில் தந்தார். "இது கிணற்றுக்குள் விழுந்தாலும் நீ அழமாட்டாய்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் எனக்கு இரண்டு போன்கள். பெரியது அலுமாரிக்குள், சின்னது மடியில். பெரியதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வங்கி அனுப்பும் இரகசிய எண் உங்கள் வெளிநாட்டு சிம்முக்குத்தான் வரும். கொழும்பில் செயலி வழியாக ஓட்டோ பிடிக்கவும் அதுதான் வேண்டும். வெளிநாட்டு சிம்மை அதிலேயே விட்டு, ரோமிங் டேட்டாவை விமானம் ஏறும்முன்பே நிறுத்திவிடுங்கள். இதை மறந்தவர்கள் திரும்பி வந்து பில்லைப் பார்க்கும் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சின்ன போனை இங்கிருந்து கொண்டு போவதா, அங்கே வாங்குவதா? அங்கே வாங்குங்கள் என்பதே என் கட்சி. ஆனாலும் நம்மவர் வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் பழைய நோக்கியா ஒன்று எப்படியும் கிடக்கும். சுவிஸில் ஸ்விஸ்கொம் நிறுவனம் 2020 முடிவோடு 2ஜி சேவைக்கு விடை கொடுத்துவிட்டது. அவுஸ்திரேலியாவில் 2024இல் 3ஜியும் போய்விட்டது. இங்கே செத்துப்போன அந்தப் போன் யாழ்ப்பாணத்தில் உயிர்த்து எழும். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் அங்கே 2ஜி போதும். ஆனால் அமெரிக்கா, கனடாவில் வாங்கிய பழைய போன்களில் பல 850, 1900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு மட்டும் செய்யப்பட்டவை. நமக்குத் தேவை 900, 1800. இன்னொன்று, நிறுவனம் பூட்டிக் கொடுத்த போனாக இருந்தால் வேறு சிம் ஏற்காது. இரண்டையும் இங்கேயே பார்த்துவிட்டுக் கொண்டு போங்கள்.

பழைய போன் என்றால் மின்கலத்தையும் கழற்றிப் பாருங்கள். தட்டையான மேசையில் வைத்து விரலால் சுண்டுங்கள். பம்பரம்போலச் சுற்றினால் அது வீங்கியிருக்கிறது. போனை வைத்துக்கொண்டு மின்கலத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். நோக்கியாவின் பிஎல்-5சி மின்கலம் எத்தனையோ மாதிரிகளுக்குப் பொருந்துவதால் சின்னக் கடைகளிலும் கிடைக்கும். 2003இல் வந்து 25 கோடிக்கு மேல் விற்ற 1100 மாதிரியும் அதில்தான் ஓடியது. விலை அதிசயமாகக் குறைவாக இருந்தால் போலியாக இருக்கலாம்.

அங்கே வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். IMEI என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் போன் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ரோச் விளக்கு எரிகிறதா, வானொலி எடுக்கிறதா, எண்கள் கண்ணாடி இல்லாமல் தெரிகின்றனவா என்பதையும் பாருங்கள். கமரா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கும், ஆனால் அந்தப் படத்தில் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

சிம் வாங்கக் கடவுச்சீட்டு வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வாங்கலாம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. சிம் அட்டை மூன்று அளவில் வெட்டுக்கோடுகளோடு வரும். விற்பவர் பழக்கதோஷத்தில் மிகச் சிறிய துண்டாக உடைத்துத் தந்துவிடுவார். பட்டன் போன்கள் பலவற்றுக்குப் பெரிய துண்டு வேண்டும். "உடைக்க வேண்டாம், முழு அட்டையாகத் தாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடைந்துவிட்டால் வெளிச்சட்டத்தை எறியாதீர்கள். அதற்குள் மறுபடி பொருத்தி ஒரு மாதம் ஓட்டலாம்.

எண்களை + சேர்த்தே பதியுங்கள். 077 என்று தொடங்குவது +9477 ஆகும், பூச்சியம் போய்விடும். நோக்கியாவில் நட்சத்திரப் பட்டனை விரைந்து இருமுறை அழுத்தினால் + வரும். பத்துப் பன்னிரண்டு எண்கள் போதும். அவற்றை ஒரு துண்டுத் தாளிலும் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் யாருக்குத்தான் இப்போது மனைவியின் எண் மனப்பாடம்? 1990ஐயும் பதியுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் அது. 2018 முதல் வட மாகாணத்திலும் ஓடுகிறது. பொலிசுக்கு 119.

சார்ஜ் பற்றிக் கவலை வேண்டாம். 2013இல் வந்த நோக்கியா 105க்குக் காத்திருப்பு நேரம் 35 நாள் வரை என்று நிறுவனம் சொன்னது. பேசிக்கொண்டே இருக்கும் நம் சனத்துக்கு அது ஒரு வாரம் என்று வையுங்கள், அதுவே பெரிது. 2022 நெருக்கடியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் ஊரில் பட்டன் போன் வைத்திருந்தவர்களே நிம்மதியாக இருந்தார்கள் என்று சித்தி சொல்வார். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அவருடையது. 13 மணி நேரமெல்லாம் அவருக்கு ஒரு கணக்கே இல்லை. சார்ஜரைச் செருகும் சுவர்த் துளைகளை மட்டும் கவனியுங்கள். பழைய வீடென்றால் உருண்டை முள்ளுக்கானவை, புதிய வீடென்றால் சதுர முள்ளுக்கானவை. இலண்டன்காரர்கள் புதிய வீட்டில் தப்புவார்கள். ஐரோப்பாவில் இருந்து வரும் நாங்கள் அடாப்டர் ஒன்று கொண்டு போக வேண்டும்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகு ஏறும்முன் போனைச் சிறிய பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீர் தெறித்தால் உடனே மின்கலத்தைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காய விடுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், துளைகளுக்குள் தூசிதான் போகும்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒன்றுக்கு 70 எழுத்துகள்தான் அடங்கும், ஆங்கில எழுத்தென்றால் 160. எதிர்ப்பக்கத்துப் போன் பழையதானால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். எனவே செய்தி அனுப்புவதைவிடப் பேசிவிடுவதே சுகம்.

திரும்பும்போது சின்ன போனை எடுத்து வராதீர்கள். வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால் அவருக்கு விட்டு வாருங்கள். சிம் உங்கள் கடவுச்சீட்டில் இருப்பதால், அதை எடுத்துவிட்டு அவருடைய அடையாள அட்டையில் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். ரீலோட் செய்யாமல் நெடுநாள் விட்டால் எண் செத்துவிடும் என்பதால் இங்கிருந்தே அவ்வப்போது காசு ஏற்றுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, மணியைக் கூட்டி, வேக அழைப்பில் 2இல் உங்களையும் 3இல் பக்கத்து வீட்டையும் வையுங்கள்.

அம்மம்மாவுக்கு அப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். கோடையில் சூரிச் மூன்றரை மணி நேரம் பின்னால் என்பதை மட்டும் அவருக்கு விளங்கவைக்க முடியவில்லை. விடிய ஐந்து மணிக்குப் பூப்பறிக்கப் போகும்போது இரண்டை அழுத்துகிறார். இங்கே இரவு ஒன்றரை. அழைப்பை வெட்டிவிட்டு நான் திருப்பி எடுக்கிறேன், அவருடைய காசு போகக்கூடாது.