பிபிபி திட்டங்களும் நாடாளுமன்றமும்: நாம் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள்

விமான நிலையம், நெடுஞ்சாலை, மேம்பாலம் என்று எதையாவது தனியாரோடு கூட்டு சேர்ந்து அரசு கட்டினால் (பொது–தனியார் பங்களிப்பு என்பது முழுப்பெயர், பிபிபி என்றால்தான் எல்லோருக்கும் புரியும்) அதைப் பற்றிப் பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். டெண்டர் விடும்போது ஒருமுறை, சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை வெளியாகி அவையில் அமளி ஆகும்போது இன்னொரு முறை. நடுவில் ஓடும் இருபது, முப்பது வருடங்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பணம் போவதோ அந்த வருடங்களில்தான். எம்.பி.க்கள், பத்திரிகைக்காரர்கள், ட்விட்டரில் கத்தும் நாம் எல்லோருமே செய்யும் தவறுகள் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

கையெழுத்து ஆனதோடு பேரம் முடிந்தது என்று நினைப்பதுதான் அதில் முதல் தவறு. டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஏப்ரலில் அதை நடத்தும் தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், வருமானத்தில் 45.99 சதவீதம் விமான நிலைய ஆணையத்துக்கு என்று முடிவானது. சரி, நல்ல பங்குதானே என்று எல்லோரும் நகர்ந்துவிட்டோம். அப்புறம் 2009 மார்ச்சில் பயணிகளிடம் மேம்பாட்டுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள், உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய், வெளிநாட்டுப் பயணிக்கு 1,300 ரூபாய். இப்படி ஒரு வசூல் உண்டு என்று ஏல ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு கொடுத்த இந்தச் சலுகையின் அளவு 3,415 கோடி ரூபாய் என்று 2012-ல் சிஏஜி சொன்னது. தொகையை விட எனக்கு உறுத்துவது வேறு விஷயம்: இந்தக் கட்டணம் கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், ஏலத்தில் தோற்றவர்கள் இன்னும் கூடுதல் பங்கு தர முன்வந்திருப்பார்களே? அதாவது ஒரு விளையாட்டுக்கு ஏலம் நடத்திவிட்டு, ஜெயித்தவரோடு வேறு விளையாட்டு ஆடியிருக்கிறார்கள். அதே ஒப்பந்தத்தில் 30 வருடம் முடிந்ததும் இன்னொரு 30 வருடம் நீட்டித்துக்கொள்ளும் உரிமையும் நடத்தும் நிறுவனத்தின் கையில் இருந்தது, அதையும் சிஏஜி குறை சொன்னது. ஆகவே ஒரு திட்டத்தைப் பார்க்கும்போது ஏலத் தொகையைக் கேட்பதோடு நிறுத்தாமல், கையெழுத்துக்குப் பிறகு எத்தனை திருத்தம் வந்தது, ஒவ்வொன்றாலும் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது தவறு, பெரிய எண்ணைக் கண்டதும் வாய் பிளப்பது. அதே அறிக்கையில் 1,63,557 கோடி என்று ஒரு எண் வந்தது, ஞாபகம் இருக்கலாம். விமான நிலைய நிலத்தில் சுமார் 240 ஏக்கரை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் 58 வருடத்தில் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற கணக்கு அது. மறுநாள் தலைப்புச் செய்திகளில் அதுவே 'இழப்பு' மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஐம்பது வருடம் கழித்து வரப்போகும் ரூபாயை இன்றைய ரூபாயோடு சேர்த்து அப்படியே கூட்டுவது எங்கே பொருந்தும்? வருடத்துக்கு 10 சதவீத வட்டிக் கணக்கில் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் 30 வருடம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஆறு ரூபாய்கூட இல்லை, 58 வருடம் கழித்து வருவதற்கு வெறும் 40 பைசா. இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு அமைச்சகமும் நிறுவனமும் மொத்த அறிக்கையையுமே தள்ளுபடி செய்யப் பார்த்தன. பெரிய எண்ணைக் காட்டிக் கத்தினால் எதிராளிக்குத் தப்பிக்க வழி கிடைக்கிறது, மேம்பாட்டுக் கட்டணம் மாதிரி நிஜமாகவே பதில் சொல்ல முடியாத விஷயம் பின்னால் போய்விடுகிறது.

அடுத்தது கொஞ்சம் நாசூக்கானது: "தனியார்தானே பணம் போடுகிறார், நாடாளுமன்றத்துக்கு இதில் என்ன வேலை?" என்ற பேச்சு. முழுக்கத் தனியார் பணத்தில் நடக்கும் திட்டம் குறைவு. வருமானம் பத்தாத சாலை மாதிரியான திட்டங்களுக்கு மத்திய அரசு திட்டச் செலவில் 20 சதவீதம் வரை மானியம் தருகிறது. 2016-ல் வந்த ஹாம் (ஹைபிரிட் ஆனுவிட்டி) முறை நெடுஞ்சாலைகளில் கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும், மீதி 60 சதவீதத்தை வட்டியோடு 15 வருடத் தவணையில் கொடுக்கும். இது தவணைக் கடன் இல்லாமல் வேறு என்ன? பிரிட்டனில் இதே மாதிரி முறையை 1992-ல் ஆரம்பித்தார்கள். அரசின் கடன் கணக்கில் ஏறாது என்பதே அதன் பெரிய கவர்ச்சி. 2018-ல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்குப் போட்டபோது 700-க்கும் மேற்பட்ட திட்டங்கள், அவற்றின் மூலதன மதிப்பு சுமார் 6,000 கோடி பவுண்டு. 2040-கள் வரை இனிமேல் கட்ட வேண்டிய பாக்கியோ 19,900 கோடி பவுண்டு (பராமரிப்பு, சேவைச் செலவும் இதில் அடக்கம், அதைச் சொல்லாமல் விட்டால் நானும் மேலே சொன்ன தவறையே செய்தவன் ஆவேன்). அந்த வருட பட்ஜெட்டிலேயே புதிதாக இப்படிப்பட்ட ஒப்பந்தம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். போட்டவற்றுக்குத் தவணை மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

பிரிட்டனைச் சொன்னதும் நார்விச் மருத்துவமனை கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி 2001-ல் திறந்தாகிவிட்டது. கட்டும்போது இருக்கும் ஆபத்து போய்விட்டதால் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தரத் தயாராக இருந்தன. 2003-ல் அதைக் கட்டிய தனியார் நிறுவனம் பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்கியது. நம் ஊரில் வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுவோமே, அதேதான். அதில் கிடைத்த ஆதாயம் சுமார் 11.6 கோடி பவுண்டு. மருத்துவமனை நிர்வாகத்துக்குக் கிடைத்தது 3.4 கோடி, மீதி முதலீட்டாளர்களுக்கு. அவர்களுடைய லாப விகிதம் 19 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக எகிறியது. 2006-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு (அரசுச் செலவைச் சரிபார்க்கும் எம்.பி.க்கள் குழு) கடுமையாகத் திட்டியது, ஆனால் ஒப்பந்தப்படி எல்லாம் சரி. கடனை மாற்றிப்போட்டால் வரும் ஆதாயத்தில் யாருக்கு எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. நம் பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. ஆனால் அது பார்ப்பது நடந்து முடிந்ததை. டெல்லி விமான நிலையத்தில் ஒப்பந்தம் 2006, சிஏஜி அறிக்கை 2012, குழுவின் அறிக்கை 2014. எட்டு வருடம். திட்டம் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொரு வருடமும் மானியக் கோரிக்கையை (அமைச்சகம் தன் செலவுக்குக் கேட்கும் தொகையை) பரிசீலிக்கும்போது அமைச்சகச் செயலரையே எதிரே உட்கார வைத்துக் கேட்கலாம். சிஏஜி நேராகப் போய்த் தனியார் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடும் என்று நம்புவதும் தவறுதான். வருமானத்தில் அரசுக்குப் பங்கு உண்டென்பதால் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாய்க் கணக்கைப் பார்க்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் டெல்லி மின்விநியோக நிறுவனங்கள் விஷயத்தில் மாநில அரசு போட்ட தணிக்கை உத்தரவையே 2015-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒப்பந்தத்திலேயே தணிக்கை உரிமையை எழுதி வைக்காவிட்டால் பிறகு கோர்ட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

எத்தனையோ திட்டங்கள் நாடாளுமன்றத்தின் கைக்கே வராதவை என்பதையும் மறந்துவிடுகிறோம். டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டிஎன்டி பாலம் அப்படித்தான். ஒப்பந்தம் போட்டது நொய்டா ஆணையம், அதாவது உத்தரப் பிரதேச அரசின் அமைப்பு. 1997 ஒப்பந்தப்படி பாலத்தைக் கட்டிய தனியார் நிறுவனத்துக்கு மொத்தத் திட்டச் செலவின் மேல் வருடத்துக்கு 20 சதவீத லாபம் உறுதி, ஒரு வருடம் அது கிடைக்காவிட்டால் பாக்கி திட்டச் செலவிலேயே சேர்ந்துவிடும். உதாரணத்துக்குத் திட்டச் செலவு 400 கோடி என்று வைத்துக்கொள்வோம். 80 கோடி வர வேண்டும், நடத்தும் செலவு போக 50 கோடிதான் வந்தது. மீதி 30 கோடி ஏறி அடுத்த வருடம் திட்டச் செலவு 430 கோடி, வர வேண்டியது 86 கோடி. வசூல் பெருக்கெடுத்தால் ஒழிய இந்தக் கணக்கு முடியவே முடியாது, டோலும் நிற்காது. 2016-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் சிஏஜியின் உதவியோடு கணக்கைப் பார்த்து, போட்ட பணமும் லாபமும் எப்போதோ வந்துவிட்டது என்று 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது. இதைச் சட்டமன்றத்தில் ஒருவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்து 1997-லேயே கேட்டிருக்கலாம்.

கேள்வியை எழுதும் விதம் பற்றி ஒரு வார்த்தை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வது), 230 நட்சத்திரமில்லாத கேள்வி (எழுத்தில் பதில் வருவது). "பிபிபி சாலைகளின் நிலை என்ன?" என்று கேட்டால் அரைப் பக்கத்துக்குக் கொள்கை விளக்கம் வரும், அவ்வளவுதான். திட்டத்தின் பெயர், ஒப்பந்தத் தேதி, அதன்பின் வந்த திருத்தங்கள், கால நீட்டிப்பு நாட்கள், அதற்கான காரணம் என்று குறிப்பாகக் கேட்டால் மழுப்புவது கஷ்டம். "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். அது வாக்குறுதிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைத் துரத்துவதற்கென்றே அரசு வாக்குறுதிகள் குழு இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, எம்.பி.க்கள் சிலருக்கும்தான்.

டோல்கேட் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இன்னொன்று. நெடுஞ்சாலைகளுக்கென்று அரசு வகுத்து வைத்த பொதுவான ஒப்பந்த வடிவத்தில் 'இலக்குப் போக்குவரத்து' என்று ஒரு பிரிவு உண்டு. குறித்த தேதியில் எதிர்பார்த்ததைவிட வண்டிகள் குறைந்தால், ஒவ்வொரு சதவீதக் குறைவுக்கும் வசூல் காலம் 1.5 சதவீதம் நீளும், உச்சவரம்பு 20 சதவீதம். வண்டிகள் கூடினால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.75 சதவீதம்தான் குறையும், அதுவும் 10 சதவீதத்தோடு நின்றுவிடும். 20 வருட ஒப்பந்தத்தில் பத்து சதவீதம் வண்டி குறைந்தால் மூன்று வருடம் கூடுதலாகக் கட்டுவோம், பத்து சதவீதம் கூடினால் ஒன்றரை வருடம் மிச்சம். அந்த இலக்கு எண்ணை யார், எந்தக் கணக்கெடுப்பை வைத்துக் குறித்தார்கள் என்று உங்கள் எம்.பி.யை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.