முன்னோரின் கல்லறையைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய கல்லறைத் தோட்டத்தில் முன்னோர் ஒருவரைத் தேடிப் போகிறவர்களில் பலர், உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாகக் கற்களைப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். அடக்கம் வேறு, கல் வேறு. கல் நடப் பணம் வேண்டும். ஏழைகள், கைக்குழந்தைகள், கொள்ளைநோயில் மொத்தமாகப் போனவர்கள் எனப் பலருக்குக் கல்லே வைத்திருக்க மாட்டார்கள். மரச்சிலுவையாக இருந்தால் எப்போதோ மக்கிப் போயிருக்கும்.

கல் இருப்பதாலேயே அடியில் உடல் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பிரான்ஸின் தீப்வால் போர் நினைவுச்சின்னத்தில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் முதல் உலகப் போரில் இறந்து, அடையாளம் தெரிந்த கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள். குடும்பக் கல்லறைகளிலும் இது நடக்கும். கடல் கடந்து போய் இறந்த மகனின் பெயரைத் தாயின் கல்லிலேயே சேர்த்துவிடுவார்கள்.

ஆகவே முதலில் காகிதம், பிறகுதான் களம். அதிலும், எந்தப் பதிவேடு எதைச் சொல்லும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையில் 1813 முதல் அடக்கப் பதிவேட்டுக்கு அச்சிட்ட படிவம் வந்தது. பக்கத்துக்கு 8 பேர். பெயர், வசித்த இடம், அடக்கம் நடந்த நாள், வயது, சடங்கு நடத்திய குருவின் கையொப்பம், அவ்வளவுதான். தோட்டத்தின் எந்த மூலையில் குழி என்று எழுத அதில் கட்டமே கிடையாது. இடம் தெரிய வேண்டுமானால் வேறு ஆவணங்களைத் தேட வேண்டும்: கல்லறை மனை விற்ற கணக்கு, குழி எண் புத்தகம், தோட்டத்தின் வரைபடம், அடக்க ஏற்பாடு செய்தவர்களின் பேரேடு. இவை தேவாலயத்தில்தான் இருக்கும் என்றில்லை. நகராட்சியிலோ ஆவணக் காப்பகத்திலோ கிடக்கலாம். தோட்டத்தின் பெயரும் நிர்வாகமும் கை மாறியிருந்தால் பழைய பெயரிலும் கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. பட்டியல் தயாரித்தவர் பெயரையும் தேதியையும் மட்டும் எடுத்திருப்பார். ஓரத்தில் கிறுக்கியிருந்த குழி எண்ணை விட்டிருப்பார். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். தன்னார்வலர்கள் பதிவேற்றும் கல்லறைத் தளங்களில், படமே இல்லாமல் யாரோ செவிவழிச் செய்தியை வைத்து உருவாக்கிய பக்கங்களும் உண்டு. துப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் காட்ட முடியாது.

தேதியில் சறுக்குகிறவர்கள் ஏராளம். பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அடக்க நாள், கல்லில் இருப்பது இறந்த நாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சரியான ஆளையே தள்ளிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அதனால் பழைய பதிவேட்டில் 1740 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1741. பெயரின் எழுத்துக்கூட்டலையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

கல் கிடைத்துவிட்டால் கை பரபரக்கும். கம்பித் தூரிகை, பிளீச்சிங் திரவம், சவர நுரை, சுண்ணக்கட்டி எதுவும் வேண்டாம். நூறு ஆண்டு மழை அரித்ததைவிட ஒரு மதியத்தின் உற்சாகம் அதிகம் கெடுத்துவிடும். எழுத்தை வெளிக்கொண்டுவர வெளிச்சமே போதும். கைபேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில், மேற்பரப்பை ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். வெயிலாக இருந்தால் ஒரு கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பலாம். 3-ஐயும் 8-ஐயும், 1-ஐயும் 7-ஐயும் வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்துப் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். கடைசி வரி மண்ணுக்குள் புதைந்திருந்தால் நீங்களே தோண்டாமல் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கல் நின்ற இடத்தை நம்புவதிலும் சிக்கல் உண்டு. புல் வெட்ட வசதியாக இருக்கட்டும் என்று கற்களைப் பிடுங்கி மதிலோரம் சாய்த்துவைத்த தோட்டங்கள் பல. லண்டனில் செயின்ட் பாங்கிராஸ் பழைய தேவாலயத்தின் கல்லறை நிலம் 1860-களில் ரயில் பாதைக்காகத் தோண்டப்பட்டது. பிடுங்கிய கற்கள் பிற்பாடு ஓரிடத்தில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கற்களுக்கு அடியில் யாரைத் தேடுவது? ஜெர்மனியில் கல்லறை நிலம் காலவரையறையோடுதான் தரப்படுகிறது. பல ஊர்களில் 20, 25 ஆண்டுகளில் தவணை முடிந்து, நீட்டிக்காவிட்டால் அதே இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நிலத்தடி ராடார் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மண் கலைந்த இடத்தைத்தான் அது காட்டும். கிடப்பது யார் என்று அதற்குத் தெரியாது. பக்கத்துக் குழிகளின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால் மட்டுமே அந்தச் செலவுக்குப் பயன்.

தேடியும் கிடைக்காததைக் குறித்து வைக்காமல் விடுவதைத்தான் பெரிய தவறு என்பேன். எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, நடுவில் கிழிந்த பக்கங்கள் எவை என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதே பக்கங்களை மறுபடி புரட்டுவார். தோட்டம் உறுதியாகி, குழி மட்டும் தெரியாமல் போனால், ஊகித்த இடத்தில் புதிதாகக் கல் நட்டுவிடாதீர்கள். அனுமதி கிடைத்தால் வாசலருகிலோ மதிலிலோ, ‘இத்தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்’ என்று மட்டும் பொறித்து ஒரு பலகை வைக்கலாம்.