அறுபதைத் தாண்டியவருக்குப் பல் காப்புறுதி: சந்தா கட்டுமுன் ஒரு கணக்கு

சிங்கப்பூரில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பல் காப்புறுதி எடுப்பதென்றால், முதலில் அவர்கள் பணப்பையில் எந்த அட்டை இருக்கிறது என்று பாருங்கள். முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை (இரண்டும் மூத்த குடிமக்களுக்கு அரசு தந்த அட்டைகள்), நீல அல்லது ஆரஞ்சு சாஸ் (CHAS, மருந்தகக் கட்டணத்துக்கு அரசு மானியம் தரும் திட்டம்) அட்டை வைத்திருப்போருக்கு, சாஸ் திட்டத்தில் சேர்ந்த பல் மருந்தகங்களில் செட் பல், பல் உறை, வேர் சிகிச்சை போன்றவற்றுக்கு மானியம் உண்டு. பச்சை சாஸ் அட்டைக்குப் பல் மானியம் இல்லை. நிரந்தரவாசிகளுக்குச் சாஸ் அட்டையே கிடையாது. ஊரிலிருந்து வந்து நிரந்தரவாசி (பிஆர்) ஆன பெற்றோருக்குத்தான் தனிக் காப்புறுதி பெரும்பாலும் அதிகம் உதவும்.

அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் பல் செலவுக்கு வராது. விபத்தில் பல் உடைந்தால் மட்டும் விதிவிலக்கு. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கான மெடிசேவை, இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பொருத்துவது போன்ற அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம். பிள்ளைகளின் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். உங்கள் கம்பெனியின் சலுகைத் தொகையில் பெற்றோரின் பல் செலவைக் கோர முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். சிலருக்கு அங்கேயே தேடல் முடிந்துவிடும்.

அடுத்து, பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்து, இரண்டு ஆண்டுகளில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அங்கே தெரியவரும் கோளாறுகளை விண்ணப்பத்தில் மறைக்கக்கூடாது. மறைத்தது பின்னால் தெரிந்தால் கோரிக்கை தள்ளுபடியாகும்.

இனி கணக்கு. ஆண்டுச் சந்தா 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டு சுத்தம் செய்வதற்கு மட்டும் பணம் தருகிறார்கள்: 80 வெள்ளி வீதம் இருமுறை, 160. இரண்டாம் ஆண்டில் 1,200 வெள்ளிக்குப் பல் உறை. பாதி தருவதாகச் சொன்னாலும் உறைக்கான உச்சவரம்பு 500 என்பதால் 500தான் வரும். சுத்தம் செய்ய மீண்டும் 160. கட்டியது 800, கிடைத்தது 820. இருபது வெள்ளிக்காக இரண்டு ஆண்டு ரசீது சேர்க்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது மொத்த ஆண்டு வரம்பை. பணத்தைத் தீர்மானிப்பதோ ஒவ்வொரு சிகிச்சைக்கும் உள்ள உள்வரம்பு.

சாஸ் மானியம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறங்கும். ரசீதுக்கு ஈடு தரும் திட்டம், மானியம் போக நீங்கள் கையிலிருந்து கட்டியதற்கு மேல் தராது. காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருந்தகம் சாஸ் மருந்தகமாக இல்லாவிட்டால், ஒன்றைப் பெற இன்னொன்றை இழப்பீர்கள். வீட்டருகே இரண்டு பட்டியலிலும் உள்ள மருந்தகம் இருக்கிறதா என்று பெயர் பார்த்துச் சரிபாருங்கள்.

ஒப்பந்தத்தில் நேராகத் தேட வேண்டியவை: சேரும் வயது வரம்பு, எந்த வயதுவரை புதுப்பிக்கலாம், பெரிய சிகிச்சைகளுக்கு எத்தனை மாதக் காத்திருப்பு. முதியோரை அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று: காப்புறுதி எடுக்குமுன் விழுந்த பல்லுக்குப் பதில் பல் கட்டப் பணம் இல்லை என்ற விதி. ஏற்கெனவே ஆறேழு பல் போனவர் செட் பல்லுக்காகவே சந்தா கட்டி, கடைசியில் இந்த வரியில் வந்து முட்டிக்கொள்வார். "இப்போது இல்லாத பற்களுக்குச் செட் பல் கட்டினால் பணம் உண்டா?" என்று முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும், அதை ரத்து செய்து சந்தாவைத் திரும்பப் பெற எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து, அதற்குள் விலக்குகள் பக்கத்தை முழுதாகப் படித்துவிடுங்கள்.