வீட்டுக்குப் போகும் வகுப்பறைச் செய்தி: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாய்?" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால், "ஒன்றுமில்லை" என்றோ "விளையாடினோம்" என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். பிள்ளை எதையும் மறைக்கவில்லை. காலை உணவு, பாட்டு, கதை, கொட்டைக் கணக்கு, மதியச் சாப்பாடு, படம் வரைதல் என்று நீண்ட ஒரு நாளைத் தொகுத்துச் சொல்ல ஆறு வயதில் வராது. அந்த நாளுக்குள் நுழைய வீட்டாருக்கு ஒரு வாசல் வேண்டும். வகுப்பாசிரியர் அனுப்பும் செய்திதான் அந்த வாசல்.

நான் மதுரை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கிறேன். பிள்ளைகளின் வீட்டாருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அந்தக் குழுவில் நான் செய்த தவறுகளையும், மற்ற வகுப்புகளில் கண்ட தவறுகளையும் சக ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பெற்றோர் படித்தாலும் நல்லதுதான்.

பதிவேட்டு மொழியில் எழுதுவது

முதல் ஆண்டு நான் அனுப்பிய செய்தி ஒன்று இப்படி இருந்தது: "இன்று இடமதிப்பு. கற்றல் விளைவு: இரண்டிலக்க எண்களைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரித்தறிதல்." பாடக்குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

அடுத்த முறை அதே பாடத்துக்கு இப்படி எழுதினேன்: "இன்று புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு போட்டு எண்ணினோம். வீட்டில் 34 கொட்டையையோ மிளகாய் வற்றலையோ முன்னால் வைத்து, இதில் எத்தனை பத்து, மீதி எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்." மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை வளர்ப்பவர், பூக்கட்டி விற்கிறார். "டீச்சரம்மா, நேற்று மல்லிகை கட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு முடிச்சுக்கு நான்கு பூ. இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஐந்து முடிச்சு போட்டால் இரண்டு பத்து ஆகிவிடுகிறது பாட்டி என்கிறாள்" என்றார்.

அந்தச் சிறுமிக்கு நான் பெருக்கல் சொல்லித்தரவே இல்லை. கொட்டையிலிருந்து பூவுக்கு அவளே போய்ச் சேர்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பாட்டிக்கு என்ன பாடம் நடக்கிறது என்று தெரிந்திருந்ததால்தான் பேத்தி சொன்னதன் அருமை அவருக்குப் புரிந்தது. அன்று முதல் எந்தச் செய்தியை எழுதினாலும் ஒரு கேள்வியை என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இதைப் படித்த பின் வீட்டில் ஒரு பேச்சு தொடங்குமா?

கற்பிக்கும் முறையைச் சொல்லாமல் விடுவது

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இதனால்தான் என்பது என் அனுபவம். தமிழ் எழுத்துகளை அகர வரிசையில் அல்லாமல், வரைய எளிதான ட, ப, ம போன்ற எழுத்துகளிலிருந்து தொடங்கும் வழி நம் தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. காரணம் எளிது. அ, ஆ, இ, ஈ நான்கையும் கற்ற பிள்ளையால் அவற்றைக் கொண்டு ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தாண்டி வாசிக்க முடியாது. ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் கற்ற பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்று சில நாள்களிலேயே வாசித்துவிடும். வாசித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அடுத்த எழுத்துக்கு இழுத்துச் செல்லும்.

இதை நான் ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜூலையில் ஒரு தந்தை, "ஒரு மாதமாகியும் அ, ஆ தெரியவில்லை" என்று வருத்தத்தோடு வந்தார். வீட்டில் மகனை உட்கார வைத்து உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் பார்த்து எழுத வைத்துக்கொண்டிருந்தார். பையனுக்குப் பென்சிலைக் கண்டாலே அழுகை. தவறு அவருடையது அல்ல. அவர் தமக்குத் தெரிந்த வழியில் பிள்ளைக்கு உதவினார். எங்கள் வழியை அவருக்குச் சொல்லாதது நான்தான். இப்போது ஆண்டின் முதல் வாரத்திலேயே பெற்றோரை வகுப்புக்குள் அழைத்து, மூன்று எழுத்து அட்டைகளைக் கையில் கொடுத்துச் சொற்கள் அமைக்கச் சொல்கிறேன். பத்து நிமிடம் போதும்.

பிள்ளையின் நிலையைப் பலர் முன் சொல்வது

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூனில் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த இத்திட்டம் பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரித்துக் கற்பிக்கிறோம்.

இந்தப் பெயர்கள் ஆசிரியர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்பவை. பிள்ளைக்கு ஒட்டும் முத்திரை அல்ல. ஆனால் "அரும்பு நிலையில் உள்ளவர்கள்" என்று பெயர்ப் பட்டியலைக் குழுவில் போட்டுவிட்டால் அது முத்திரையாகிவிடும். தெருவில், குழாயடியில், உறவுக்காரர் வீட்டு விருந்தில் எல்லாம் அந்தப் பெயர் பின்தொடரும். பிள்ளை அடுத்த பருவத்தில் மொட்டுக்கு நகர்ந்திருக்கும். ஊர் வாய் நகராது. மதிப்பீட்டுப் பட்டியலுக்கும் இதே கதைதான். ஒரு பிள்ளையைப் பற்றிய சேதி அந்தப் பிள்ளையின் வீட்டாருக்கு மட்டுமே உரியது. நேரில் சொல்லலாம், தனி அழைப்பில் சொல்லலாம். சொல்லும்போது, போன மாதம் எங்கே இருந்தாள், இந்த மாதம் எங்கே வந்திருக்கிறாள் என்று அவளை அவளோடு மட்டும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

புகைப்படம்

வகுப்பில் தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்து தொங்கவிட்ட படங்களைக் கைபேசியில் எடுத்து அனுப்புவது நல்ல பழக்கம். அதில் அழகானவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பது தவறு. வீட்டில் தன் படத்தைத் தேடிக் காணாத பிள்ளை அடுத்த முறை அண்ணனிடம் வரைந்து வாங்கி வரும். எங்கள் வகுப்பில் ஒருவன் வீட்டைவிடப் பெரிய மாடு வரைந்திருந்தான். அம்மா அதை அழித்து அளவாக வரைந்து அனுப்பிவிட்டார். அவன் அதைப் பந்தலில் மாட்டவே மறுத்தான். "எங்கள் மாடு பெரியது, டீச்சர்" என்றான். கன்றுக்குட்டியாக இருந்தது முதல் அவன் வளர்த்த மாடு அது. அழிக்காமல் "ஏன் இவ்வளவு பெரிது?" என்று கேட்டிருந்தால், அம்மாவுக்கு ஒரு முழுக் கதை கிடைத்திருக்கும்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களில் இன்னும் கவனம் வேண்டும். முகமும் பெயரும் வகுப்பும் ஊரும் ஒரே படத்தில் சேர்ந்து வரக் கூடாது. 2023-இல் நிறைவேறிய எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசி முடிவெடுக்கலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே.

இரவு எட்டு மணிக்கு "நாளை காலை கொண்டுவரவும்"

சார்ட், வண்ணக் காகிதம், பசை என்று இரவில் கேட்டால், கூலி வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பிய தாய் எந்தக் கடைக்கு ஓடுவார்? மூன்று நாள் முன்னதாகச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, வாங்க வேண்டிய பொருளையே தவிர்ப்பது. ஆலிலை, கூழாங்கல், பழைய அழைப்பிதழ், தீக்குச்சிப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு ஒன்றாம் வகுப்பின் பெரும்பாலான செயல்பாடுகளைச் செய்துவிடலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று வீட்டுப்பாடம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் சுற்றறிக்கையும் அதையே சொன்னது. "வீட்டில் செய்து பாருங்கள்" என்று நாம் எழுதும் வரி பின்வாசல் வழியாக வந்த வீட்டுப்பாடமாகிவிடக் கூடாது. நோட்டில் எழுத வேண்டாம், படம் எடுத்து அனுப்ப வேண்டாம், மறுநாள் நான் சரிபார்க்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

குறை சொல்ல மட்டும் அழைப்பது

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். முதல் அழைப்பு நல்ல சேதிக்காக இருக்கட்டும். "இன்று உங்கள் மகள் கதை சொன்னாள், வகுப்பே அமைதியாகக் கேட்டது." அரை நிமிடப் பேச்சுதான். பின்னால் ஒரு சிக்கலைப் பேச வேண்டி வரும்போது எதிரில் இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பார்.

எல்லாரும் படிப்பார்கள் என்று எண்ணிக்கொள்வது

பல வீடுகளில் ஒரே கைபேசி. பகலில் அது அப்பாவோடு வேலைத்தளத்தில் இருக்கும். மதியம் அனுப்பும் செய்தி மாலைக்குள் குவியும் மற்றவற்றின் அடியில் போய்விடும். நான் மாலை ஏழு மணியளவில் அனுப்புகிறேன். எழுதியதையே குரல் பதிவாகவும் பேசி அனுப்புகிறேன், ஏனெனில் எங்கள் பிள்ளைகள் பலரை வளர்ப்பவர்கள் எழுத்தறியாத தாத்தா பாட்டிகள். "அன்பான பெற்றோர்களே" என்று தொடங்குவதையும் விட்டுவிட்டேன். பெற்றோர் இருவரும் வெளியூரில் இருக்கும் பிள்ளை, பெற்றோரே இல்லாத பிள்ளை எல்லாரும் அந்த வரியைக் கேட்கிறார்கள். "வீட்டில் உள்ளவர்களுக்கு வணக்கம்" என்றால் எல்லாரும் அதில் அடங்குவார்கள்.

வெள்ளிக்கிழமைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் பிள்ளைகளிடமே கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். போன வாரம் அவர்கள் சொன்னது: "எங்கள் வேப்ப மரத்தில் அணில் கூடு கட்டுகிறது. அம்மா வந்து பார்க்கலாமா?" திங்கள்கிழமை காலை மணியடிக்கும் முன்பே மூன்று அம்மாக்களும் ஒரு தாத்தாவும் மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்தக் கிளை என்று பிள்ளைகள் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.