ஈ.சி.யூ. வயரிங்: முதலில் எர்த்தைச் சரியாகப் போடுங்கள்

பழைய காருக்குத் தனி ஈ.சி.யூ. (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) பொருத்துகிறவர்கள் பிளஸ் வயருக்குத் தரும் கவனத்தில் பாதியைக்கூட எர்த்துக்கு, அதாவது மின்னோட்டம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழிக்கு, தருவதில்லை. கோவையில் பந்தயக் கார்களுக்கு வயரிங் செய்வது என் தொழில். டியூனிங் சரியில்லை என்று ஒரு வண்டி வந்தால், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் எர்த் போல்ட்டைத்தான் தேடிப் பார்ப்பேன்.

சென்சார் தருவது வோல்ட். ஈ.சி.யூ. அதைத் தன் சொந்த எர்த் பின்னிலிருந்து அளக்கிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் ஆகியவற்றின் மின்னோட்டமும் அதே எர்த் வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. 12 ஓமுக்கு மேற்பட்ட இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். காயில் 6, 7 ஆம்பியர் வரை போகும். உச்சத்தில் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 18 மில்லி ஓம். 2 மீட்டர் ஓடினால் அதில் இழப்பு 0.36 வோல்ட். அதாவது ஈ.சி.யூ. பூஜ்ஜியம் என்று நம்பும் இடம் எஞ்சினைவிட 0.36 வோல்ட் மேலே மிதக்கிறது.

இந்த நிலையில் சென்சார்களின் எர்த்தை எஞ்சினிலோ பாடியிலோ கட்டினால் என்ன ஆகும்? 0.1 வோல்ட் பிழையையே எடுத்துக்கொள்வோம். 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் எம்பிஎக்ஸ்4250 வகை மேப் சென்சார் (எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை அளப்பது) ஒரு கிலோபாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தருகிறது. ஆகவே பிழை 5 கிலோபாஸ்கல். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) மேனிஃபோல்டு அழுத்தம் 35 அளவில் இருக்கும்போது அது ஏழில் ஒரு பங்கு. பெட்ரோலும் அதே அளவில் தவறும். தண்ணீர் வெப்பம் காட்டும் சென்சாரும் 80 டிகிரியில் ஐந்தாறு டிகிரி தள்ளிக் காட்டும். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் எரிபொருள் அட்டவணையை எத்தனை நாள் திருத்தினாலும் இது தீராது, ஏனென்றால் பிழை மின்னோட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஒரே வாய்க்காலில் பெரிய மோட்டாரின் தண்ணீரையும் விட்டுவிட்டு, அதில் குச்சி நட்டு மழைநீரை அளப்பது போன்ற வேலை இது.

எனவே விதி ஒன்றுதான்: பாரம் இழுக்கும் எர்த்தும் சென்சார் எர்த்தும் வழியில் எங்கும் சேரக் கூடாது.

முதலில் பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தடித்த கேபிள். அங்கிருந்து பாடிக்குத் தனிப் பட்டை. எஞ்சினை இறக்கி ஏற்றும்போது இந்தப் பட்டையை மாட்ட மறந்துவிடுகிறார்கள். பிறகு செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள், சின்னஞ்சிறு எர்த் வயர் என்று கிடைத்த வழியில் எல்லாம் பாய்ந்து அவற்றைப் பொசுக்கும்.

அடுத்து ஈ.சி.யூ.வின் பவர் எர்த். பின்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் தனித்தனி வயர் இழுத்து, சிலிண்டர் ஹெட்டிலோ பிளாக்கிலோ ஒரே போல்ட்டில் முடியுங்கள். இரண்டு வயர் என்றால் ஒவ்வொன்றும் 2.5 சதுர மி.மீ. போடுங்கள், அதே 10 ஆம்பியரில், அதே 2 மீட்டரில் இழப்பு 0.07 வோல்ட்டாகக் குறையும். பாடியில் கட்ட வேண்டாம். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். வயர் முனையில் மாட்டும் வளையமான ரிங் லக்கைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக்கை நான் வெட்டித்தான் எறிவேன். இறுக்கிய பின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் ஈரம் ஏறாது.

சென்சார் எர்த் இதற்கு நேர்மாறு. தண்ணீர் வெப்பம், காற்று வெப்பம், திராட்டில், மேப் எல்லாவற்றின் எர்த் வயரும் ஈ.சி.யூ.வின் சென்சார் எர்த் பின்னுக்கு மட்டுமே திரும்ப வேண்டும். எஞ்சினையோ பாடியையோ அவை தொடவே கூடாது. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் கிராங்க் சென்சாரின் ஷீல்டை (வயரைச் சுற்றிய உலோக உறையை) ஈ.சி.யூ. பக்கம் மட்டும் கட்டி, மறுமுனையை வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். பெட்ரோல்-காற்று விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் நிறைய மின்னோட்டம் இழுப்பது. அதன் எர்த் எஞ்சின் போல்ட்டுக்குப் போகட்டும், அதன் சிக்னல் எர்த் மட்டும் சென்சார் எர்த்தோடு சேரட்டும்.

பிளஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம். சாவி வயரிலிருந்து நேரடியாக ஈ.சி.யூ.வுக்கு மின்சாரம் எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் (மின்காந்த சுவிட்சின்) 30-ஆம் எண் பின், அங்கிருந்து 87 வழியாக ஈ.சி.யூ.; சாவி வயர் 86-ஐ இயக்கினால் போதும், 85 எர்த். ஈ.சி.யூ., இன்ஜெக்டர், காயில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். பெட்ரோல் பம்ப்புக்குத் தனி ரிலே. நீங்கள் பிடித்த சாவி வயரில் செல்ஃப் அடிக்கும்போதும் மின்சாரம் இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். சில வயர்களில் அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும்; ஈ.சி.யூ.வும் அணைந்துவிடும்.

சோதிக்கும்போது ஓம் மீட்டரை நம்பாதீர்கள். பத்து இழையில் ஒரு இழை மட்டும் மிஞ்சிய வயரும் அதில் நல்ல வயராகவே தெரியும். எஞ்சின் ஓடும்போது, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை எஞ்சின் பிளாக்கிலும் சிவப்பு முனையை ஈ.சி.யூ. எர்த் பின்னிலும் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், காயில் நிறையும் நொடித்துளியின் உச்சம் அதில் தெரியாது; வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் கிடைத்தால் அதில் பாருங்கள். பிறகு கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் சிவப்பைப் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் தடித்த கேபிளையோ அதன் லக்கையோ மாற்ற வேண்டும்.

மீட்டர் இல்லாமலே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. 1.3 லிட்டர் மாருதி எஸ்டீம் ஒன்று அண்மையில் வந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கிய கணமே லேப்டாப்பில் தண்ணீர் வெப்பம் 7 டிகிரி இறங்கியது, ஃபேன் நின்றதும் உடனே ஏறியது. தண்ணீர் அப்படிக் கண்ணிமைப்பில் குளிராது. டேஷ்போர்டுக்குப் பின்னால் பார்த்தால், சென்சார் எர்த்தும் ஃபேன் எர்த்தும் ஒரே பாடி போல்ட்டில். சென்சார் வயரைப் பிரித்து ஈ.சி.யூ. பின்னுக்குக் கொண்டுபோனேன், அட்டவணையில் ஒரு எண்ணையும் தொடவில்லை, ஐடில் சீராக நின்றது. உங்கள் காரிலும் ஹெட்லைட், ஃபேன், ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு திரையில் வெப்பத்தையும் திராட்டில் அளவையும் கவனியுங்கள். ஓர் எண் துள்ளினாலும் அந்த சென்சாரின் எர்த் வயரைக் கையால் பிடித்துக்கொண்டு, அது முடியும் இடம்வரை போய்ப் பாருங்கள்.