மாடியில் பேனல் வைக்கும் முன் நிழலை அளந்துவிடுங்கள்

மதுரைப் பக்கம் சோலார் போட நினைப்பவர்கள் என்னை அழைத்தால், முதல் கேள்வி எத்தனை கிலோவாட், இரண்டாவது கேள்வி எவ்வளவு மானியம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கும் என்பது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால்தான் பேச்சு நிற்கும். ஆனால் பேனல் எந்த நிறுவனத்தினுடையது என்பதைவிட அந்தத் தொட்டி எங்கே நிற்கிறது என்பதுதான் உங்கள் மின்கட்டணத்தை அதிகம் தீர்மானிக்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் தொட்டி தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்கும். பாரம் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. வாஸ்து சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தென்மேற்கில் நிற்கும் எதுவும் பிற்பகல் முழுவதும் வடகிழக்காக, அதாவது மாடியின் நடுப்பகுதியை நோக்கி நிழலை நீட்டும் என்பதே என் கவலை.

பேனலுக்குள் நிழல் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. இப்போது வீடுகளுக்கு வரும் 540 வாட் பேனலில் 144 அரைச் செல்கள், அதாவது பாதியாக வெட்டிய செல்கள், இருக்கின்றன. அவை தொடராக இணைக்கப்பட்டவை. வரிசையில் நின்று செங்கல்லைக் கைமாற்றும் ஆட்களில் ஒருவர் தளர்ந்தால் மொத்த வரிசையும் அவர் வேகத்துக்கு இறங்கிவிடும் அல்லவா, மின்னோட்டமும் அப்படித்தான். நிழல் விழுந்த செல் தன்னால் முடிந்த அளவுக்கு மேல் கடத்தாது. இதைச் சமாளிக்கத்தான் பேனலின் பின்புறப் பெட்டிகளில் மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன. பேனல் நீளவாக்கில் மூன்று பட்டைகளாகப் பிரிந்திருக்கும். பட்டைக்கு ஒரு டையோடு. ஒரு பட்டையில் ஒரு செல் மறைந்தாலும், அந்தப் பட்டையைத் தவிர்த்துவிட்டு மின்னோட்டம் டையோடு வழியாகச் சுற்றிப் போய்விடும். ஒரு பட்டை போனால் பேனலின் மூன்றில் ஒரு பங்கு போனது.

ஒரு இலை விழுந்தால் மொத்த சோலாரும் படுத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். அதைவிட அதிகமாக நம்பக் கூடாதவர்கள், "இது ஹாஃப் கட் பேனல், நிழலைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று சொல்லும் விற்பனையாளர்கள். அரைச் செல் பேனலின் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியே ஓடும் என்பது உண்மை. கீழ் விளிம்பு முழுக்க மறைந்தாலும் மேல் பாதி வேலை செய்யும். அதற்காக மறைந்த பாதியின் மின்சாரம் எங்கிருந்தோ வந்துவிடாது.

வீட்டுக்காரருக்கு இதைக் காட்ட நான் ஒரு நீளமான காலண்டர் அட்டையைப் பயன்படுத்துவேன். தெளிந்த வெயில் வேண்டும். ஆறு பேனல்கள் ஒரே ஸ்ட்ரிங்கில், அதாவது ஒன்றோடொன்று தொடராக இணைந்து, நீளமான பக்கம் மேல்கீழாக வரும்படி நிமிர்ந்த வாக்கில் நிற்கின்றன. இன்வெர்ட்டர் திரையில் 2,400 வாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையை ஒரு பேனலின் நீளமான பக்கத்தை ஒட்டி வைத்தால் ஒரே பட்டைதான் மறையும். ஆறு பேனல்களுக்கும் சேர்த்துப் பதினெட்டுப் பட்டைகளில் ஒன்று போனது. திரை ஏறத்தாழ 2,270க்கு இறங்கும். அதே அட்டையை அதே பேனலின் கீழ் விளிம்பில் குறுக்காக வைத்தால் மூன்று பட்டைகளும் ஒன்றாக அடிபடும். மற்ற ஐந்து பேனல்களின் முழு மின்னோட்டத்தை மேல் பாதி மட்டும் கடத்த முடியாததால் அந்தப் பேனலே விலகிவிடும். திரை 2,000க்கு வந்துவிடும். அட்டை மாறவில்லை, வெயில் மாறவில்லை. வைத்த திசை மாறியதற்கே மூன்று மடங்கு நஷ்டம். ஆறு பேனல்களின் கீழ் விளிம்பிலும் கைப்பிடிச் சுவரின் நிழல் நீளமாகப் படுத்தால் உற்பத்தி பாதியாகிவிடும். பழைய முழுச் செல் பேனலாக இருந்தால் அந்தப் பாதியும் தேறாது.

எனவே பேனலை நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா என்பது அழகுக்காக முடிவு செய்யும் விஷயம் அல்ல. நிழல் கீழிருந்து ஏறுமானால், அதாவது கைப்பிடிச் சுவரோ முன் வரிசைப் பேனலோ மறைக்குமானால், நீளமான பக்கம் கீழே வரும்படி படுக்க வையுங்கள். ஒரு பட்டையோடு போகும். மாடிப்படி அறையின் சுவர் போல நிழல் பக்கவாட்டில் நகர்ந்து வருமானால் நிமிர்த்தி வையுங்கள்.

இனி அளப்பது. முதலில் கடிகாரத்தை நம்பாதீர்கள். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் டிசம்பரில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12:15ஐ ஒட்டித்தான். நாள் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு காலை ஒன்பதேகாலுக்கும் பிற்பகல் மூன்றேகாலுக்கும் இடையில் கிடைத்துவிடும். அந்த ஆறு மணி நேரத்துக்குள் பேனல் மேல் நிழல் விழக் கூடாது என்பதே குறி. அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் விழுந்தால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க நிழலே இல்லாத இடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாதி மாடி வீணாகும்.

தடையின் உச்சி, பேனலின் கீழ் விளிம்பைவிட எத்தனை அடி உயரம் என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து அல்ல, பேனலின் கீழ் விளிம்பிலிருந்து. டிசம்பர் 21ஐ ஒட்டி மதுரையில் ஒன்பதேகாலுக்கும் மூன்றேகாலுக்கும் நிழல் வடக்கே அந்த உயரத்தில் 0.9 மடங்கு நீளும். கூடவே காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் 1.15 மடங்கு நகரும். சென்னையில் வடக்கு நீட்சி உயரத்துக்குச் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி அறைக்கு மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி, அதன் மூடி மாடித் தரையிலிருந்து 14 அடி. பேனலை இரண்டு அடிக் காலில் நிறுத்தினால் வித்தியாசம் 12 அடி. தொட்டியின் நிழல் மூன்றேகால் மணிக்கு வடக்கே 11 அடி, கிழக்கே 14 அடி வரை போய் நிற்கும். முப்பதுக்கு நாற்பது மாடியில் இது நல்ல இடத்தையெல்லாம் விழுங்கிவிடும். அதே பேனலை எட்டு அடி உயரக் கட்டமைப்பில் ஏற்றினால் வித்தியாசம் ஆறு அடியாகிவிடும், நிழலும் பாதியாகும். கைப்பிடிச் சுவரின் தொல்லை அடியோடு தீரும். அடியில் துணி காயப்போடலாம், வற்றல் போட மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று பலமாக இழுக்கும். கால்களைத் தளத்தில் வெறும் ஆங்கர் போல்ட்டில் நிறுத்தாமல் கான்கிரீட் பீடம் கட்டச் சொல்லுங்கள்.

வடக்கே இருக்கும் தடைகள் கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். டெல்லிக்கு அது சரி. மதுரையில் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தின் இரு முனைகளிலும் வருவதுதான் பள்ளிப் பிள்ளைகள் கம்பு நட்டுப் பார்க்கும் நிழலில்லா நாள். ஜூனில் நிழல் தெற்கே விழும். நண்பகலில் உயரத்தின் கால் பங்கு, ஒன்பதேகாலுக்கு 0.4 மடங்கு. வடக்கே ஒரு உயரமான சுவர் இருந்தால் அதற்கும் இடைவெளி விட்டாக வேண்டும்.

எந்த மாத நிழலை அதிகம் பொருட்படுத்துவது? டிசம்பர் நிழல்தான் நீளம். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் பரவலாக வருவதால், தொட்டி நிழலால் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு முக்கியம் பிப்ரவரியும் மார்ச்சும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், வெயில் இன்னும் உச்சத்தில் சுடாது, பேனல் நன்றாக விளைவிக்கும் மாதங்கள் அவை. அப்போது விழும் நிழல்தான் கைக்காசை எடுக்கும்.

மெல்லிய பொருள்களுக்கு வேறு கணக்கு. சூரியன் புள்ளியல்ல, வட்டம். அதனால் ஒரு பொருளின் கருநிழல் அதன் தடிமனைப் போல் சுமார் நூறு மடங்கு தூரத்தில் கரைந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் கேபிள் ஒரு மீட்டருக்கு அப்பால் சென்றால் வெறும் மங்கல்தான். தெருவில் போகும் மின்கம்பியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் கொடிக்கம்பத்துக்கு ஐந்து மீட்டர் வரை பலம் உண்டு. அடுத்த மாடி எழுப்பும் ஆசையில் தூண்களிலிருந்து நீட்டிவிட்ட கம்பிகள் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் பேனலுக்கு மூன்று அடிக்குள் நின்றால் கறுப்புக் கோடு விழும். கம்பியை அறுக்க மனம் வராது, புரிகிறது. பேனலை நான்கு அடி தள்ளி வைத்தால் போதும்.

இதே காரணத்தால்தான் ஒட்டிக்கொண்ட காக்கை எச்சமும் சருகும் கெடுதல். தூரமே இல்லாத நிழல் அது. மறைந்த செல் மின்சாரத்தைத் தருவதற்குப் பதில் தின்று சூடாகும். அந்த இடம் நாளடைவில் பழுப்பேறும். விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, தண்ணீரும் மென்துணியும் கொண்டு துடைத்துவிடுங்கள்.

நிழலைத் தவிர்க்கவே முடியாத மாடிகளும் உண்டு. அப்போது நிழல்படும் பேனல்களை ஒரு ஸ்ட்ரிங்காகவும் படாதவற்றை இன்னொன்றாகவும் பிரித்து, இன்வெர்ட்டரின் இரண்டு எம்பிபிடி வாயில்களில் (தன்னோடு இணைந்த ஸ்ட்ரிங்கிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தைத் தேடி எடுக்கும் உள்வழிகள்) தனித்தனியே கொடுக்கலாம். மூன்றே பேனல்களை ஒரு வாயிலில் கொடுத்தால், சில பட்டைகள் விலகியதும் வோல்டேஜ் இன்வெர்ட்டரின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய் அந்த வாயிலே நின்றுவிடலாம். விவரத்தாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பல இன்வெர்ட்டர்களில் நிழலுக்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு பேனலையும் தனித்தனியே இயங்க வைக்கும் ஆப்டிமைசர் அல்லது மைக்ரோ இன்வெர்ட்டரைப் பேனலுக்குப் பேனல் போடுவது, நிழல் பல பேனல்கள் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும் மாடிகளுக்குத்தான். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பணத்துக்குத் தொட்டியையே இடம் மாற்றிவிடலாம்.

பொருத்திய பிறகு இன்வெர்ட்டரின் செயலியில் வரும் நாள் உற்பத்தி வரைபடத்தைப் பாருங்கள். தெளிந்த நாளில் அது மலைபோல் ஏறி இறங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கடிபட்டிருந்தால் நிழல். கடி கண்டபடி இருந்தால் மேகம். இரண்டு மணிக்குக் கடி என்றால் இரண்டு மணிக்கு மாடி ஏறிப் பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுத் தென்னையாக இருந்தால் மரத்தை வெட்டச் சொல்லி உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ந்த மட்டைகளைக் கழிக்க ஆள் வரும் அன்று, உங்கள் பக்கம் சாய்ந்த பழுத்த மட்டைகளையும் சேர்த்துக் கழிக்கச் சொல்லி, கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள். அவர் மாடி எழுப்பப் போகிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவையுங்கள். ஆம் என்றால் பேனல்களை அந்தச் சுவரிலிருந்து குறைந்தது ஒரு தள உயரம், அதாவது பத்துப் பதினோரு அடி, தள்ளியே வையுங்கள்.