வீட்டில் ஒருவன் குவார்ட்டர்பேக் ஆகணும் என்றால்

அக்கா மகன் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின் நடுவில், "நான் குவார்ட்டர்பேக் ஆகப்போறேன்" என்றான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவன் அந்த மேஜையில் அவன் ஒருவன்தான். டெக்சஸில் பள்ளிக்கூட ஃபுட்பால் ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். அத்தானுக்கு மாலை ஷிஃப்ட். அதனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேட்ச்சுக்குப் போகிற வேலை மாமனான என் தலையில் விழுந்தது.

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்கு அவன் போகவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தவன் நான். எங்கே சறுக்கினோம் என்பதும் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒருவன் கிளம்பியிருந்தால் இது உதவலாம்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு அணிக்குக் களத்தில் 11 பேர். அணி பந்தோடு ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அது முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். வந்த பிறகு அவனுக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் யாருக்கு எறிவது, ஓடுவதா, பந்தைக் கோட்டுக்கு வெளியே வீசித் தப்பிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பந்தை ஓடிப் பிடிக்கிற ரிசீவர்கள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் ஆடலாம், களைத்தால் மாற்றிக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் ஒருவன்தான், அவனைக் கோச் லேசில் மாற்ற மாட்டார். இரண்டாவது ஆள் எவ்வளவு திறமைசாலி என்றாலும் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். ஹைஸ்கூலில் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள் சுமார் 10 லட்சம் பேர். மேலே என்.எஃப்.எல்.லில் 32 அணிகள், அதாவது 32 நாற்காலிகள்.

நான் கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். பெயருக்காகப் போகாதீர்கள், பந்து கைக்கு வருகிற இடத்துக்குப் போங்கள்.

முதலில் கால்

எல்லாரும் பையனின் கையைப் பார்க்கிறார்கள். அவன் 50 கஜம் எறிந்தால் அப்பாவுக்குப் பெருமை தாங்காது. நானும் அப்படித்தான் இருந்தேன். பள்ளிக் கோச்தான் ஒரு நாள் கூப்பிட்டு, "அவன் காலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். எடுத்தேன். பின்வாங்கும்போது பாதங்கள் ஒன்றோடொன்று மோதின. எறியும் நேரத்தில் முன்கால் இலக்கைப் பார்க்காமல் எங்கோ பார்த்தது. பந்து சில சமயம் ரிசீவருக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

அக்கா வீட்டு கராஜில் காரை வெளியே எடுத்துவிட்டு, தரையில் நீல டேப் ஒட்டினோம். பந்தை வாங்கியதும் ஐந்து காலடி பின்னால், கடைசிக் காலடியில் பாதத்தை ஊன்றி நிறுத்தம், பிறகு முன்னால் ஒரு சின்ன நகர்வு. பந்து எறியக் கூடாது, இவ்வளவுதான். நான் எதிரே நின்று இடமும் வலமுமாகக் கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவேன். பின்வாங்கிக்கொண்டே "மூணு", "அஞ்சு", "ஒண்ணு" என்று அவன் சத்தமாகச் சொல்ல வேண்டும். தரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. முதல் வாரம் பத்தில் ஆறு தடவை குனிந்து டேப்பைப் பார்த்தான். இரண்டு மாதம் கழித்துக் கால் தானாகப் போனது, கண்ணுக்கு வேறு வேலை கிடைத்தது.

அந்த வேலை என்னவென்றால், எதிரணியின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்ட்டிகளைப் படிப்பது. ஆழத்தில் இரண்டு பேர் நின்றால் ஒரு கதை, ஒருவன் நின்றால் வேறு கதை. இரண்டாக நின்று, ஸ்னாப் ஆனவுடன் (பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போனவுடன்) ஒருவன் முன்னால் இறங்கினால் அது மூன்றாவது கதை. இதைப் பதினாறு வயதில் பிடித்துக்கொண்டவனுக்குச் சுமாரான கை போதும். பிடிக்காதவன் எவ்வளவு தூரம் எறிந்தாலும் எதிரணிக்குத்தான் எறிவான்.

குளிர்காலத்தில் வேறு விளையாட்டு ஆடட்டும். என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் காலேஜ் வரை பேஸ்பாலும் ஆடியவர். தலையில் அடிபட்டால் மட்டும் "சமாளிச்சுக்குவான்" என்ற பேச்சே வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை வீட்டில் இருக்கட்டும்.

வீடியோ, மெயில், கேம்ப்

காலேஜ் கோச்சுகள் பையனை முதலில் பார்ப்பது திரையில்தான். பெரும்பாலான பள்ளிகள் ஹட்ல் என்ற தளத்தில் மேட்ச் வீடியோவை ஏற்றிவைக்கும், அதிலிருந்து வெட்டித் தொகுப்பது நம் வேலை. நான் முதலில் செய்தது ஆறு நிமிட வீடியோ, பின்னணியில் அதிரடி மியூசிக், எல்லாமே நீளமான டச்டவுன், அதாவது பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த காட்சிகள். ஒரு கோடைக்காலப் பயிற்சி கேம்ப்பில் ஒரு உதவிக் கோச்சிடம் போனில் காட்டினேன். அரை நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தோற்ற மேட்ச் ஏதாவது முழுசா இருக்கா?" என்று கேட்டார்.

அதன் பிறகு தொகுப்பை மூன்று நிமிடத்துக்குள் அடக்கினேன். முதல் ஐந்து காட்சியிலேயே சரக்கு இருக்க வேண்டும்: மேலே ஆள் பாயும்போது நின்று எறிந்தது, முதல் ரிசீவரை விட்டு மூன்றாவது ஆளைத் தேடிக் கண்டுபிடித்தது, மைதானத்தின் அகலமான பக்கத்துக்கு எறிந்தது. கடைசியாகச் சொன்னது ஏன் முக்கியம் என்றால், பந்தை வைக்கும் உள்கோடுகளுக்கு நடுவே ஹைஸ்கூலில் 53 அடி 4 அங்குல இடைவெளி, காலேஜில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான். ஹைஸ்கூலில் பந்து ஒரு பக்க உள்கோட்டில் இருக்கும்போது எதிர்ப்பக்க விளிம்புக்கு எறிவது உண்மையிலேயே நீண்ட தூரம். பந்து தொங்காமல் போகிறதா என்று கோச்சுகள் அதில் கண்டுபிடித்துவிடுவார்கள். மியூசிக் வேண்டாம், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே காலேஜ் முத்திரையோடு தபால் வரும், வீடே குதிக்கும். நாங்களும் குதித்தோம். ஆனால் 11-ஆம் வகுப்பு செப்டம்பர் 1-க்கு முன்னால் காலேஜ் கோச் பையனுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்ப காலேஜ் விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இடம் கொடுப்பதில்லை. கேம்ப் விளம்பரம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்தத் தபால் அதுதான். அப்படி ஒன்றை நம்பிப் பணம் கட்டிப் போன இடத்தில் நூற்றுக்கணக்கில் பையன்கள். நாள் முழுக்க வெயிலில் நின்று அவன் எறிந்தது 11 பந்து, நானே எண்ணினேன். காலேஜ் கோச் பெயர் சொல்லி, "நீ வா, உன்னைப் பார்க்க வேண்டும்" என்று அழைத்தால் போங்கள். இல்லாவிட்டால் வீட்டுப் பக்கத்திலேயே பயிற்சி செய்துகொள்ளலாம்.

மெயில் அனுப்பக் கூச்சப்படாதீர்கள். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற சின்ன விவசாய ஊர்க்காரரான குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனுக்கு ஹைஸ்கூல் முடிந்தபோது எந்தப் பெரிய காலேஜும் இடம் தரவில்லை. ரீட்லி என்ற இரண்டு வருடக் காலேஜில் ஆடிவிட்டு, நாடு முழுக்க உள்ள கோச்சுகளுக்கு மெயில் மேல் மெயில் போட்டார். வயோமிங் எடுத்துக்கொண்டது. என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில், 2018-இல் ஏழாவது ஆளாக பஃபலோ பில்ஸ் அணிக்குப் போனார்.

எந்தக் காலேஜ்?

அப்பா அம்மாக்கள் தவறுவது இங்கேதான். நாங்களும் தவறினோம்.

ஜோ பர்ரோ ஒஹையோவின் ஏதென்ஸ் ஹைஸ்கூலில் ஆடியவர். 2015-இல் ஒஹையோ ஸ்டேட்டில் சேர்ந்தார். அதைவிடப் பெரிய பெயர் அந்த மாநிலத்தில் கிடையாது. மூன்று வருடத்தில் அங்கே அவர் எறிந்த பாஸ் மொத்தமே 39. முன்னால் ஒருவர் இருந்தார், நடுவில் இவர் கை உடைந்தது, பின்னால் வந்தவர் முந்திக்கொண்டார். ஆனால் அந்த மூன்று வருடத்தில் பட்டத்தை முடித்துவைத்திருந்தார். பட்டம் கையில் இருந்ததால், 2018-இல் லூசியானா ஸ்டேட்டுக்கு (எல்.எஸ்.யூ.) மாறியபோது ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியிருக்கவில்லை. முதல் சீசனில் 16 டச்டவுன் பாஸ், சுமார்தான். அடுத்த சீசனில் 60. அணி 15-க்கு 15 ஜெயித்தது, காலேஜ் ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது, 2020 டிராஃப்ட்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் முதல் ஆளாக எடுத்தது. அந்த 39 பாஸை நம்பி முதல் ஆளாக எடுத்திருப்பார்களா?

எனக்கு இதைவிடப் பிடித்தது கேம் வார்ட் என்ற குவார்ட்டர்பேக்கின் கதை. ஹூஸ்டனுக்குத் தெற்கே வெஸ்ட் கொலம்பியா ஊர்க்காரர். அவருடைய பள்ளி ஆடியது விங்-டி என்ற பழைய பாணி. பந்தைக் கையில் கொடுத்து ஓட்டுவதுதான் அதில் வேலை, எறிவது அபூர்வம். எறியாத குவார்ட்டர்பேக்கை யார் தேடி வருவார்? சான் அன்டோனியோவில் இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தின் கோச் எரிக் மாரிஸ் கேம்ப்பில் பார்த்து அவரைச் சேர்த்துக்கொண்டார். அங்கே போனவுடனே முதல் ஆள், பந்து கையில். மாரிஸ் 2022 சீசனுக்கு வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போனபோது இவரும் போனார். அங்கே இரண்டு வருடம். பிறகு மயாமி, 2024-இல் 39 டச்டவுன் பாஸ். 2025 ஏப்ரலில் டென்னசி டைட்டன்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. ஒவ்வொரு படியிலும் ஆட இடம் இருந்தது.

ஆகவே காலேஜைப் பார்க்கப் போகும்போது ஸ்டேடியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் சில கேள்விகள் கேளுங்கள். இப்போது எத்தனை குவார்ட்டர்பேக் இருக்கிறார்கள், எந்தெந்த வருடம்? பாஸ் ஆட்டத்தை வகுக்கும் கோச் இங்கே எவ்வளவு நாளாக இருக்கிறார்? அவர் போனால் பையனுக்கு என்ன ஆகும்? எங்களுக்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்றில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் பெரிய அணியின் ஐந்தாவது ஆள். மற்றது சின்ன இடம், உடனே ஆடலாம். சட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு வருடத்தில் ஒரு ஸ்னாப்கூட ஆடவில்லை.

காலேஜ் மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. இப்போது மாறுவது எளிது என்பது நல்ல செய்தி. மறுபக்கமும் உண்டு. ஹைஸ்கூல் பையனை எடுத்து மூன்று வருடம் வளர்ப்பதைவிட, வேறு இடத்தில் ஏற்கெனவே ஆடிப் பழகியவனை எடுப்பது கோச்சுக்குச் சுலபம். எங்கேயாவது ஆடிய வீடியோ இல்லாமல் போர்ட்டலில் குதித்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

படிப்பு: முதல் டிவிஷனில் ஆட ஹைஸ்கூலில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் நாலுக்கு 2.3 கிரேடு சராசரியும் வேண்டும். நம் வீடுகளில் இது பிரச்சினையே இல்லை. பள்ளி கவுன்சலரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே பட்டியலை வாங்கிவிடுங்கள், போதும்.

பணம்: 2021 ஜூலையிலிருந்து காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-இலிருந்து காலேஜே நேரடியாகவும் கொடுக்கலாம். நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது விசா. கிரீன் கார்டு வராமல் எச்-4-இல் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கட்டுப்பாடு அதிகம். நூறு டாலர் விளம்பரமாக இருந்தாலும் இமிகிரேஷன் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

டிராஃப்ட்

ஹைஸ்கூல் முடித்து மூன்று வருடம் ஆனவர்கள்தான் என்.எஃப்.எல். டிராஃப்ட்டுக்கு வரலாம். அதற்கு முன் பிப்ரவரி இறுதியில் இண்டியானபோலிஸில் கம்பைன் என்ற சோதனை முகாம் நடக்கும். உயரம், எடை, உள்ளங்கை என்று எல்லாவற்றையும் அளப்பார்கள். பர்ரோவின் கை 9 அங்குலம் என்று வந்ததும் சின்னக் கை என்று பேச்சு கிளம்பியது. பந்து என் குட்டிக் கையிலிருந்து நழுவப்போகிறதாம், ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரே கிண்டலாக எழுதினார். அளவைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை. அணிகள் தனி அறையில் உட்காரவைத்து, "இந்த ஆட்டத்தில் என்ன பார்த்தாய், ஏன் அங்கே எறிந்தாய்?" என்று குடைவதுதான் உண்மையான தேர்வு.

கடைசியில் எடுக்கப்பட்டால்கூடக் கதை முடிந்துவிடாது. 2022 டிராஃப்ட்டின் கடைசி ஆள், 262-ஆவது, ப்ராக் பர்டி. சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்றாவது குவார்ட்டர்பேக். முன்னால் இருந்த இருவரும் அடிபட, டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே இறங்கினார். 2023 சீசனில் அவர் சம்பளம் 8,70,000 டாலர், அந்தத் துறையில் அது சில்லறைக் காசு. அந்தச் சம்பளத்தில்தான் அணியை என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். 2025-இல் 26.5 கோடி டாலருக்கு ஐந்து வருட ஒப்பந்தம். டிசம்பரில் அவர் திணறாததற்குக் காரணம், ஐயோவா ஸ்டேட்டில் நான்கு சீசன் ஆடிய பழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் ஆள் இப்போது மூன்றாவது டிவிஷன் காலேஜ் ஒன்றில் ஆடுகிறான். அங்கே விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, கூட்டமும் பெரிதாக இல்லை. ஆனால் அவன்தான் முதல் ஆள். போன சனிக்கிழமை ஒரு பந்தை எதிரணி பிடித்துவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு அந்த வீடியோவை அனுப்பி, "மாமா, சேஃப்ட்டி எப்போ நகர்ந்தான் பாருங்க" என்று கேட்டிருந்தான். நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஸ்னாப்புக்கு முன்னாலேயே ஒரு எட்டு இடப்பக்கம் வைத்திருந்தான்.